முகம் மட்டும் போதும்

செத்துப்போனவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுவது சகாயராணிக்குப் புதிய வேலை இல்லை. திண்டுக்கல்லில் பதினாறு வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறாள். இதுவரை அவள் மாட்டிவிட்ட வெள்ளைச் சட்டைகளை அடுக்கினால் தனியாக ஒரு ஜவுளிக்கடையே வைக்கலாம். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் போதும், வீட்டில் அழுது முடிப்பதற்குள் யாராவது ஒரு மச்சினன் போனைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவந்துவிடுவான். தெருமுனையில் வைக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். கொண்டுவருகிற படமோ காதுகுத்துப் பந்தியில் குனிந்து சாப்பிடும்போது யாரோ எடுத்ததாக இருக்கும். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பின் மேல் ஒட்டி, தோளில் பட்டுத் துண்டு போட்டு, பின்னால் நீல வானமும் இரண்டு புறாவும் வைத்துக் கொடுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் பட்டுப்புடவை, கல்தோடு, இரட்டை வடச் சங்கிலி. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் கழுத்து ஒரு கவரிங் செயினைக்கூடப் பார்த்திருக்காது, செத்த மறுநாள் பத்துப் பவுன் ஏறிவிடும். சகாயராணிக்கு ஒவ்வொரு தடவையும் குமட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் செய்துதான் கொடுப்பாள். சோறு போடுகிற தொழில், என்ன செய்வது.

அன்று புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பாண்டியராஜ் கடைக்குள் வந்தார். பூ மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக்காரர், மஞ்சள் பூத்த தடித்த விரல்கள், அதில் மூன்றில் மோதிரம். வந்தவர் போனை நீட்டினார். அதில் இருந்தது சகாயராணி எடுத்த படம்.

சாதாரணப் படம் இல்லை அது. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்த படம். மார்க்கெட்டுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் பூக்குப்பை மேல் ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறார். செண்டுமல்லியும் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் அவரைச் சுற்றி மலையாகக் குவிந்திருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழுகிறது. ஒரு கை மட்டும் வெளிச்சத்தை நோக்கி மேலே தூக்கியிருக்கிறது. அந்தக் கைக்காகவே பேஸ்புக்கில் மூவாயிரம் பேர் அந்தப் படத்தை விரும்பியிருந்தார்கள். ‘பூக்களின் ராஜா’ என்று அவள்தான் தலைப்பு வைத்திருந்தாள்.

"இது எங்க அண்ணன்மா" என்றார் பாண்டியராஜ். "உடையப்பன். போன செவ்வாக்கிழம தவறிட்டாரு."

பாண்டியராஜே மேற்கொண்டும் சொல்லிக்கொண்டு போனார். அண்ணனுக்குப் புத்தி தடுமாறிப் பதினோரு வருஷம் ஆகிறதாம். கொஞ்ச நாள் மார்க்கெட்டில் கிடப்பார், கொஞ்ச நாள் சிறுமலை அடிவாரத்துக் காட்டுக்குள் போய்க் கிடப்பார். அங்கேதான் ஒரு உசிலை மரத்தடியில் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் கண்டிருக்கும் என்கிறார்கள், சரியாகத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் அடுத்த புதன்கிழமை. அதற்கு ஊரிலும் மார்க்கெட்டிலும் பேனர் வைக்க வேண்டும். வீட்டில் இருந்த படத்தையெல்லாம் அவரே எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டார். இருக்கிற ஒரே படம் இதுதான்.

"முகம் மட்டும் போதும்மா" என்றார். "அந்தப் பூக்குப்ப, அழுக்கு வேட்டி ஒண்ணும் தெரியக் கூடாது. தாடியக் கொஞ்சம் எடுத்துருங்க. வெள்ளச் சட்ட, பட்டுத் துண்டு. முடிஞ்சா லேசாச் சிரிக்கிற மாதிரி."

அந்தப் பூக்குப்பை எங்கே இருக்கிறது என்று சகாயராணிக்குத் தெரியாதா? பாண்டியராஜின் மண்டியிலிருந்து எண்ணி முப்பது அடி. வியாபாரம் விழுந்த அன்றைக்கு இவர் கடையிலிருந்தும்தான் கூடை கூடையாக அங்கே கொட்டுவார்கள். கூடப் பிறந்தவன் இவர் கொட்டிய குப்பையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். இவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். இப்போது பட்டுத் துண்டு வேண்டுமாம், சிரிப்பு வேண்டுமாம். த்தூ. இந்த ஆளை அண்ணே என்று கூப்பிட அவளுக்கு வாய் கூசியது. ஆனாலும் பதினாறு வருஷப் பழக்கம், அண்ணே என்றுதான் வந்தது.

போகும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். சனிக்கிழமை நடக்கப்போகிற படக் கண்காட்சியில் இந்தப் படத்தை மாட்டப்போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாட்ட வேண்டாம், சாதிசனம் அம்புட்டும் பார்ப்பார்கள், தலைகாட்ட முடியாது என்றார். பேனரைச் செய்து தருகிறேன், ஆனால் படத்தை மாட்டத்தான் செய்வேன் என்று சகாயராணி பட்டென்று சொல்லிவிட்டாள். பாண்டியராஜ் சண்டை போடவில்லை. உங்க இஷ்டம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கண்காட்சிக்காக அவள் காத்திருந்தது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஒன்பது வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள். மலைக்கோட்டையையும் கோபுரத்தையும் எல்லோரும்தான் எடுக்கிறார்கள். அவள் எடுப்பதெல்லாம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத இடங்கள். பஸ் ஸ்டாண்ட் பின்சுவரில் வருஷக்கணக்காக வழிந்து வழிந்து பச்சை பிடித்த மூத்திரத் தடம். தோல் கழுவிய தண்ணீர் ஓடும் ஓடையில் ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும் நுரை. அடிவாரத்துக் காட்டில், பாதையை விட்டு இருபதடி உள்ளே போனால் கோழிக்கழிவு சாக்குமூட்டைகள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தூக்கியெறியும் குரங்குகள். எல்லாவற்றையும் விட அவள் நெஞ்சை அறுத்தது, காட்டுப் பாதையில் ஒரு ஆலமரத்தடி. வீட்டில் பழசாகிப்போன சாமி படங்களைக் குப்பையில் போடப் பயந்து, ஜனங்கள் அங்கே கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சாமி படத்தோடு செத்துப்போன அப்பா அம்மா படமும் வந்துவிடும். அவள் பட்டுத் துண்டு போட்டுவிட்ட மூன்று பேரை அந்த மரத்தடியிலேயே பார்த்திருக்கிறாள். ஒருவர் முகத்தைப் பாதிக்குமேல் கரையான் தின்றிருந்தது.

ஊரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்புதான் வந்தது. அதனால்தான் அவள் எதற்கும் கிட்டே போவது கிடையாது. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்தாள், ஐம்பது அடி தள்ளி நின்றாலும் மூக்கு நுனி வரை எடுத்துவிடும். துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்த லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவள் கணவன் ராயப்பராஜ் அகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், கேலிக்காரன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரைப் படம் எடுக்கிற ஒரே ஆள் என் பொண்டாட்டிதான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நாற்றமடிக்கிறது ஊர், மூக்கைப் பொத்துவது நானா தப்பு என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

இப்படிச் சேர்ந்த படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. ‘பார்க்காத திண்டுக்கல்’ என்று பெயர். கூட்டாளி ஃபயாஸ், பேகம்பூரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவன். அவளுடைய கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவன் மெஷினில்தான் அடித்து வெளியே வரும். பாண்டியராஜ் போன கையோடு சகாயராணி ஃபயாஸுக்குப் போன் போட்டாள். பூக்குப்பைப் படத்தை இரண்டடியில் அடிக்க வேண்டாம், ஆறடியில் அடி, நுழைந்ததும் நேர்ச் சுவரில் மாட்டப்போகிறேன் என்றாள். செத்தவுகளை வச்சு வம்பு எதுக்குக்கா என்று ஃபயாஸ் இழுத்தான். அவனையும் ஒரு பிடி பிடித்தாள். ஒவ்வொருத்தனும் வந்து பார்க்கட்டும், அந்த மண்டிக்காரனும் வரட்டும், தன் அண்ணனை ஆறடி உயரத்தில் குப்பையோடு சேர்த்துப் பார்க்கட்டும் என்றாள். போனை வைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. ஆறடிக்கு அடிப்பதென்றால் படத்தை நுணுக்கமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அது எல்லா ஸ்டூடியோக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். லென்ஸை மாட்டும்போதும் கழற்றும்போதும் கேமராவுக்குள் தூசி புகுந்துவிடும். படத்தில் அங்கங்கே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும். கம்ப்யூட்டரில் புள்ளி மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அது மறைந்து, பக்கத்தில் இருக்கிற நிறம் வந்து மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பம் என்றால் ஒரு நாளைக்கு ஐந்நூறு புள்ளி அழிப்பாள். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், விரல் பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டிருக்கும்.

கேமராவில் விழுந்தபடியே இருந்த மூலப் படத்தைத் திறந்தாள். நாலு மடங்கு பெரிதாக்கினாள். மேலே வானத்தில் இரண்டு புள்ளி, அழித்தாள். பூக்குவியலில் ஒன்று. கை சுத்தமாக இருந்தது. கீழே வந்தாள். வேட்டி முடிகிற இடத்தில், இடது பாதத்தின் மேல் ஒரு கூட்டமாகப் புள்ளி. சொடுக்கினாள். இன்னொன்று, இன்னொன்று. ஏழாவது புள்ளிக்கு இறக்கை இருந்தது.

விரலை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். பிறகு, அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்தாள். ஒவ்வொன்றாக ஈக்கள் வந்து பாதத்தில் உட்கார்ந்தன.

கணுக்காலைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. அது துணி என்பதே இப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் நிழல் என்று நினைத்திருந்தாள். அதற்குக் கீழே பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை திறந்து கிடந்தது. அந்தச் சிவப்புக்குள் அரிசி அரிசியாக வெள்ளையாகக் கிடந்ததைச் சம்பங்கி இதழ் என்று நினைக்கக் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தாள். சம்பங்கி இதழ் அவ்வளவு சின்னதாக இருக்காது.

சகாயராணி எழுந்து பின்பக்கம் போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து பேஸ்புக்கில் போட்ட படத்தைத் திறந்து பார்த்தாள். அதில் பாதம் சுத்தமாக இருந்தது. மஞ்சள் பூவுக்குள் மெழுகு பூசினதுபோல் மொழுமொழுவென்று ஒரு பாதம். ஈ இல்லை, புண்ணும் பாதி இல்லை. படம் எடுத்த அன்றைக்கே, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, தூசி என்று நினைத்து அவளே சொடுக்கிச் சொடுக்கி எடுத்திருக்கிறாள். ஐம்பதோ அறுபதோ சொடுக்கு இருக்கும். முகம் மட்டும் போதும் என்று பாண்டியராஜ் சொன்னதற்கு நேற்று முழுக்கக் காறித் துப்பிக்கொண்டிருந்தாளே, அதே வேலையை அவள் இரண்டரை வாரத்துக்கு முன்பே, யாரும் கேட்காமல், இலவசமாகச் செய்து வைத்திருக்கிறாள். படத்தின் கீழே வந்த பாராட்டுகளைப் படித்தாள். வேற லெவல் வெளிச்சம்க்கா. கை செம்மக்கா. மூவாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அந்தக் கால் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவள்தான் தெரியவிடாமல் செய்துவிட்டாளே.

அன்றைக்கு எடுத்த மொத்தப் படமும் நாற்பத்தொன்று. இதுவரை அவள் அதில் ஒன்றைத்தான் பார்த்திருந்தாள். மற்றதெல்லாம் கை நன்றாக விழாத படங்கள். இப்போது முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தாள். முதல் பத்துப் பன்னிரண்டு படத்தில் உடையப்பன் தூங்குகிறார். பதின்மூன்றில் கண் திறந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு படத்திலும் அவர் நேராக லென்ஸைப் பார்க்கிறார். இருபத்தாறில் வாய் திறக்கிறது. முப்பதில் கை எழும்புகிறது. முப்பத்து மூன்றில் கை நன்றாக வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, அதுதான் அவளுடைய படம். அதற்கப்புறம் கை கீழே இறங்குகிறது. கடைசி மூன்று படத்தில் அவர் அந்தக் கையாலேயே தன் காலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அவர் ஏதோ சத்தம் கொடுத்தார். ஏம்மா என்றுதான் கேட்டமாதிரி இருந்தது. காசு கேட்கிறான், இல்லையென்றால் திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அழுகின பூ நாற்றத்தோடு வேறு ஒரு நாற்றமும் சேர்ந்து அடித்தது, எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று துப்பட்டாவை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் பூசையில் நாக்கில் நன்மை அப்பம் வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. போகிற வழியில் காபி குடித்தாள். வீட்டுக்குப் போய் ராயப்பராஜிடம், ஒரு கிறுக்கன் இன்னைக்கு என்னமா போஸ் குடுத்தான் தெரியுமா என்று சொன்னாள். அந்த வார்த்தையும் ஞாபகம் வந்தது.

படம் எடுத்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை வரை விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது நாள். அரசு ஆஸ்பத்திரி அந்தப் பூக்குப்பையிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம்.

மனுஷிக்குத் தன்மேல் வந்த அருவருப்பைத் தானே வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? யார் தலையிலாவது கொட்டினால்தான் மூச்சு விட முடியும் போல இருந்தது அவளுக்கு. நான் வழிப்போக்கி, ஒரு தடவை பார்த்தேன். அவன் தம்பி, தினமும் பார்த்தவன். முப்பது அடி. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ஈயோடு புண்ணோடு அந்தக் காலைத் தனியாக ஒரு படம் பெரிதாக அடித்தாள். கையைத் தூக்கிய படத்தை முழுதாக இன்னொன்று அடித்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டையும் உறையில் போட்டுக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனாள்.

மார்க்கெட் சத்தத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் வருகிறது, மல்லிகை விலை ஏறிக்கிடந்தது. பாண்டியராஜ் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேனர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். சகாயராணி காலின் படத்தை எடுத்துப் பூச்சாக்கு மேல் வைத்தாள்.

"உங்க அண்ணன் கால்" என்றாள். "உங்க கடையில இருந்து முப்பதடி. இத ஒருநாளாவது பார்த்தீங்களா நீங்க?"

பக்கத்து மண்டிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டியராஜ் படத்தைக் கையில் எடுத்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். நல்லா பாரு, நல்லா பாரு என்று அவளுக்குள் ஒன்று குதித்தது.

பார்க்கவில்லை என்றார் அவர். பார்க்க விட்டால்தானே. கிட்டே போனால் அண்ணன் கல்லெடுப்பாராம். ஒருதரம் ஆள் வைத்துப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு, அங்கிருந்து தப்பி ஓடி எட்டு மாதம் காட்டை விட்டே வெளியே வரவில்லையாம். அன்றிலிருந்து யாரும் கிட்டே போவதில்லை. அண்ணன் மார்க்கெட்டில் கிடக்கிற நாளெல்லாம் விடியற்காலையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இட்லிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துவிட்டு இவர் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். இவர் தலை மறைந்த பிறகு அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். இத்தனை வருஷமும் அதுதான் நடந்தது. அந்தத் தூணைக் கையால் காட்டினார். காலியான தண்ணீர் பாட்டில் ஒன்று இன்னும் அதனடியில் கிடந்தது.

சகாயராணி அதை நம்பவில்லை. நம்பக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். பொய், பொய், எல்லா மண்டிக்காரனும் பொய்தான் சொல்வான். கையிலிருந்த உறையை அவரிடம் நீட்டி, முழுப் படத்தையும் பாருங்கள் என்றாள்.

பாண்டியராஜ் அதைப் பிரித்துப் பார்த்தார். போனில் ஏற்கெனவே பார்த்த படம்தான். ஆனால் பெரிதாக இருந்ததால் இப்போது கண் தெரிந்தது, வாய் தெரிந்தது. அவர் அந்தக் கையைத் தன் கட்டைவிரலால் தடவினார்.

"எங்கம்மா சாகக் கெடந்தப்பக்கூட அவரு யாரையும் கூப்பிட்டதில்லம்மா" என்றார். "பதினோரு வருஷத்துல ஒரு மனுசர கைநீட்டிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்ல. இதுல கூப்பிடுறாரே." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை அது, தெரிந்துகொள்ளக் கேட்கிற பார்வைதான். "யாரம்மா கூப்பிடுறாரு? அங்கன யாரு நின்னா?"

பூக்கூடை சுமந்தவன் ஒருவன் ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அவளை உரசிக்கொண்டு போனான். சகாயராணி நகரவில்லை.

"நான்தான் நின்னேன்" என்றாள்.

ஏன் கிட்டே போகவில்லை என்று பாண்டியராஜ் கேட்டிருந்தால் அவளுக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் கேட்கவே இல்லை. காலின் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றொரு படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"முகம் மட்டும்னு சொன்னேன்ல. அந்தக் கையும் இருக்கட்டும்மா" என்றார்.

சனிக்கிழமை ‘பார்க்காத திண்டுக்கல்’ நடந்தது. நேர்ச் சுவரில் ஆறடிப் படம் இல்லை. முன்பு அனுப்பிய படத்தை வைத்து ஃபயாஸ் அடித்து வைத்திருந்ததை அவளே போய்ச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த இடத்தில் ஆலமரத்தடிச் சாமி படங்களை மாட்டினார்கள். ஜனங்கள் வந்தார்கள், போனார்கள், நுரைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தைரியமாக நேருக்கு நேர் எடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் அவளைப் பாராட்டினார். அவர் மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பது அடி தள்ளி நின்றுதான் சார் எடுத்தேன் என்றாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பாராட்டினார்.

பேனரை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தாள். வெள்ளைச் சட்டை மாட்டினாள், பட்டுத் துண்டு போட்டாள். தாடியை எடுக்கவில்லை. சிரிப்பு வைக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, அதை மூடலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டாள். கையை வெட்டி எடுக்க மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. நகத்துக்குள் இருந்த அழுக்கைக்கூட அவள் தொடவில்லை. அந்தக் கைக்குச் சட்டைக்கை பொருந்தாமல் அடம்பிடித்தது. எப்படியோ ஒட்டினாள். இடுப்போடு படம் முடிந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கால் வைக்கும் வழக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் வாசலில் பேனரைக் கட்டினார்கள். சகாயராணி ஸ்கூட்டியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி உயரத்தில் உடையப்பன் வெள்ளையும் சொள்ளையுமாக நின்று, போகிற வருகிறவர்களை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பூ வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். மகராசன், எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்காரு என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு விலை போகாத செண்டுமல்லியை ஒரு ஆள் அவர்களைத் தாண்டிப் போய்ப் பின்பக்கம் கொட்டிவிட்டு வந்தான்.

கைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துப் பேசினாள்.

கொடைரோட்டுக்காரன் பேசுவதாக ஒரு ஆண் குரல் சொன்னது. இப்போதுதான் மார்க்கெட் வாசலில் பேனர் பார்த்தானாம். ரொம்பத் தத்ரூபமாக இருக்கிறதாம். அவன் அப்பாவும் தவறி ஒரு வாரம் ஆகிறது, படம் இருக்கிறது, ஆனால் கை இல்லை.

"அதே மாதிரி கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி வேணும்க்கா" என்றான். "அந்தக் கையவே எடுத்து எங்கப்பாவுக்கு ஒட்டிக் குடுத்தாலும் சரிதான். யாருக்குத் தெரியப்போகுது?"

சகாயராணிக்கு அந்தப் பழைய நாற்றம் மூக்கில் ஏறியது, எலி செத்த நாற்றம். கை தன்னால் துப்பட்டாவைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்டாள்.

பேனரிலேயே இருக்கேக்கா என்றான் அவன்.

இருந்தது. கீழே வலது மூலையில், உடையப்பனின் இடுப்பு முடிகிற இடத்தில், எல்லாப் பேனரிலும் போடுகிற மாதிரியே அவள் ஸ்டூடியோ பெயரும் போன் நம்பரும் சிவப்பில் பெரிதாக இருந்தன. அவளேதான் போட்டிருந்தாள், பழக்கத்தில் விரல் பாட்டுக்குப் போட்டுவிட்டிருக்கிறது. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எதிரே உடையப்பன் கையை இறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.